வாலில்லாத மீன்

பாண்டுங்
பிப்ரவரி 9

தம்பி டனாங்குக்கு,

சலாம். நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். சலாத்திகாவில் அம்மாவுக்கு முட்டிவலி. மற்றபடி எல்லோரும் நலம். நானும் நலம்.

எழுதச் சொன்னது அம்மா. "ஒரு வரியாவது எழுதிப் போடுடி. அவன் ஜெயில்ல உக்காந்து தபாலையே பாத்துட்டிருக்கான்" என்றாள். தொலைபேசியில் பேச எனக்கு வரவில்லை. அதனால் இது.

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டேன். பாண்டுங்கில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். காலையில் கிளம்பி ஏதாவது ஓவியக்கூடத்துக்குப் போகிறேன். படங்கள் எனக்குப் புரிந்ததில்லை, உனக்குத் தெரியும். இப்போதும் புரியவில்லை. ஆனால் வெளியே, பெண்ணொருத்தி தனியாக நின்றால், வண்டிக்காரனிலிருந்து பழக்காரி வரை "தனியாவா? கூட யாரும் வரலியா?" என்று கேட்கிறார்கள். ஓவியக்கூடத்தில் யாரும் கேட்பதில்லை. ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாயைத் திறக்காமல் நிற்கலாம். ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நேற்று முழுக்க நீலமாக ஒரு படம். அதன் முன்னால் நின்றேன். பிறகு காபி குடித்தேன். பிறகு அறைக்கு வந்தேன்.

எழுத வேறொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பலுபி


சிறைச்சாலை
பிப்ரவரி 27

அன்புள்ள பலுபி அக்காவுக்கு,

உனக்கும் சலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. கால் எலும்பு கூடிவிட்டது. மழைநாளில் மட்டும் குடைகிறது.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்க முடியாமல் மதியம்வரை சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஜிதோ அண்ணன் இறந்ததிலிருந்து நீ என்னுடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியை ஓட்டியவன் நான். உன் கணவர் போனார், நான் காலை மட்டும் முறித்துக்கொண்டு பிழைத்தேன். தீர்ப்பு சொன்ன அன்று நீ கடைசி வரிசையில் இருந்தாய். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்தக் கடிதம்தான். ஏன் எழுதினாய் என்று கேட்க மாட்டேன். இன்னொன்று எழுது.

எங்கள் அறையில் பாக் பர்மின் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். பக்கத்து வீட்டு மாட்டை விற்ற வழக்கு. "நான் திருடல தம்பி. நான் பாட்டுக்கு நடந்தேன், அது பின்னாலயே வந்துச்சு. போற வழியில சந்தை இருந்தா அது என் குத்தமா?" என்பார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "என்னய்யா இது! காபி குடிச்சேன்னு எழுதினா போதுமா? கறுப்பா, பாலா? தொட்டுக்க என்ன? இங்க நாம கழுவின தண்ணியைக் குடிக்கிறோம், கொஞ்சம் விளக்கமா எழுதச் சொல்லு" என்று சண்டைக்கு வந்துவிட்டார். கடிதங்களை முதலில் படிக்கும் காவலருக்கும் அதே குறை.

ஆகவே அக்கா, விளக்கமாக எழுது. படத்தையும் சேர்த்துத்தான். அந்த நீலம் எந்த நீலம்?

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
டனாங்


பாண்டுங்
மார்ச் 20

தம்பிக்கு,

சலாம். உன் கால் எப்படி இருக்கிறது? இங்கே தினமும் பிற்பகலில் மழை. எனக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது இல்லை.

நீலம் எந்த நீலம் என்று பார்க்க மறுபடி போனேன். படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

போன சனிக்கிழமை ஓர் ஓவியக்கூடத்தில் புதுக் கண்காட்சி தொடக்கம். கூட்டம். நான் வழக்கம்போல் ஒரு படத்தின் முன்னால் நின்றேன். தலைமுடியைக் கொண்டை போட்ட ஒரு பையன் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு இதுல என்ன தெரியுதுங்க?" என்றான். "பெயிண்ட்" என்றேன். அவன் உடனே கூட்டத்தைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா? இவங்கதான் சரியா சொன்னாங்க! பெயிண்டாம்! அவ்வளவுதாம்ப்பா!" என்று கத்தினான். படம் அவனுடையது. யாரோ விமர்சகர் என்று நினைத்து எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டும்.

பாக் பர்மினிடம் சொல்: அங்கே கொடுத்த காபி கறுப்பு. மலைக்காபி, கொஞ்சம் புளிப்பு. சர்க்கரை தனியாக வைத்தார்கள், நான் போடவில்லை. தொட்டுக்கொள்ள, ஆவியில் வெந்த கேக். மேலே சீஸ் துருவல்.

மேம்பாலத்துத் தூண்களில் பெரிய பெரிய படங்கள் வரைந்திருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் தினமும் நடக்கிறேன். சில நாள் மறுபக்கம் சுற்றிப் போகிறேன்.

பலுபி


சிறைச்சாலை
ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

சலாம். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டாயா? மருந்துக்கடையில் அத்தனை வருஷம் இருந்தவள் தனக்கென்றால் ஒன்றும் வாங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

சீஸ் கேக்கால் இங்கே இரண்டு கட்சி. பாக் பர்மின் கறுப்புக் காபிக்கு இனிப்புக் கேக்தான் என்கிறார். எதிர்க்கட்டில்காரன் உப்புச் சீஸ்தான் என்கிறான். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. "பெயிண்ட்" கதையை மூன்று அறைகளுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

ஒன்று கேட்கவா? ஜோக்ஜாவுக்குப் போ. ஓவியக்கூடம் என்றால் அதுதானே ஊர். தெருவுக்குத் தெரு சுவரில் படம். அங்கே சோடே ஆற்றங்கரைக் குடியிருப்பில், முர்னி என்ற அம்மாளின் (பூ முர்னி என்றுதான் கூப்பிடுவோம்) காபிக்கடைக்கு எதிரில் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. ஜிதோ அண்ணனும் நானும் கடைசியாகச் செய்தது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு பச்சை மீன் நீந்திப் போகும். கூரைகள் என்னுடையவை. மீன் அண்ணனுடையது. வால் மட்டும் பாக்கி. அது இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கலாமா என்றும் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

உன் தம்பி
டனாங்


ஜோக்ஜா
மே 14

தம்பிக்கு,

சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? சிறையில் விடியலுக்கு முன் சாப்பாடு கொடுக்கிறார்களா? அம்மா கேட்கச் சொன்னாள்.

ஜோக்ஜாவுக்கு வந்துவிட்டேன். தெற்கே ஒரு சந்தில் மாடி அறை. கீழே வீட்டுக்காரர் பறவை வளர்க்கிறார். பகலில் காபிக்கடைகள் திரை போட்டிருக்கின்றன. ஓவியக்கூடங்களில் கூட்டமில்லை. ஒன்றில் வாசல் காவலாளி நாற்காலியிலேயே தூங்குகிறார். நான் உள்ளே போய், பார்த்து, வெளியே வருகிறேன். அவர் எழுவதில்லை.

நோன்பு திறந்த பிறகு ரயில் நிலையத்துப் பக்கம் போகிறேன். அங்கே கண்ணாடித் தம்ளர் காபியில் கனன்று கொண்டிருக்கும் கரித்துண்டை இடுக்கியால் எடுத்துப் போடுகிறார்கள். 'சொய்' என்கிறது. உனக்குத் தெரியும், பாக் பர்மினுக்காக எழுதுகிறேன். தொட்டுக்க வறுத்த தெம்பே, மொறுமொறுவென்று சோயாத் துண்டு.

ஊர் முழுக்கச் சுவரில் படங்கள்தான்.

பெருநாளுக்கு அம்மாவிடம் போவதாக இல்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.

பலுபி


சிறைச்சாலை
ஜூன் 5, பெருநாள்

என் மதிப்புக்குரிய அக்கா,

பெருநாள் வாழ்த்து. இளையவன் நான்தான் முதலில் சொல்ல வேண்டும். நேரில் வந்து உன் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துச் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்கிறேன்: தெரிந்தும் தெரியாமலும், வெளியிலும் உள்ளத்திலும் நான் செய்த பிழை அனைத்தையும் மன்னிக்கக் கேட்கிறேன்.

வருஷா வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். உன் மிதிவண்டியை உடைத்த வருஷமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இந்த முறை எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

இன்று எல்லோருக்கும் கோழிக்கறி. பாக் பர்மினைப் பார்க்க, அந்த மாட்டின் சொந்தக்காரரே வந்திருந்தார். கேக் கொண்டு வந்தார். இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். "மாடு எப்படி இருக்குன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு, அதான் நான் வித்துட்டேனே" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சுவரைப் பற்றி நீ எழுதவில்லை. போகவில்லை என்றால் பரவாயில்லை.

உன் தம்பி
டனாங்


ஜோக்ஜா
ஜூலை 10

தம்பிக்கு,

சலாம். உன் பெருநாள் கடிதம் கிடைத்தது. அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாள், கொஞ்சம் தேவலை என்கிறாள். உனக்கு இரண்டு உள்சட்டை அனுப்பியிருக்கிறாளாம். வந்ததா?

சுவர் இருக்கிறது. நோன்புக்கு முன்பே பார்த்துவிட்டேன். அப்போதிலிருந்து அனேகமாகத் தினமும் போகிறேன். பூ முர்னியின் கடையில் எனக்கென்று ஒரு முக்காலி ஆகிவிட்டது. காபித்தூளைத் தம்ளரிலேயே போட்டு வெந்நீர் ஊற்றித் தருகிறாள். தூள் அடியில் தங்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது எதிரில் சுவர்தான் தெரியும்.

முதல் நாளே கேட்டாள். "தனியாவா வந்தீங்க?" ஆமாம் என்றேன். "மீனைப் பாக்க வந்தீங்களா? வெளியூர்க்காரங்க போட்டோ எடுக்க வருவாங்க. ரெண்டு பேரு வரைஞ்சாங்க. வாலு பாக்கி, ஒரு வாரத்துல வந்துடறோம்மான்னு சொல்லிட்டுப் போனவங்கதான், ஆளையே காணோம். பெரியவரு இருக்காரே, அவரு நல்ல வாய்க்காரரு. என் தெம்பேயை மொத்தமா தின்னுட்டு, பூ, இது மீனுக்குத் தீனின்னுவாரு. கலைஞனுங்க இல்லையா, வேற ஊர்ல வேற சுவரு கிடைச்சிருக்கும். கிடைச்சதும் நம்மள மறந்துட்டானுங்க!"

காபியைக் குடித்தேன்.

வாலில்லாத மீன் என்றுதான் தெருவுக்கே பெயர். அது வந்ததிலிருந்து கைப்பந்துக் குழு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லையாம். தெருத் தலைவர் பாக் சுகெங், ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தின அலங்காரப் போட்டிக்காகச் சுவரை வெள்ளையடித்து, சிவப்பு வெள்ளையில் கொடி வரையப் போவதாகச் சொல்கிறார்.

பலுபி


சிறைச்சாலை
ஜூலை 22

அக்கா!

சலாம்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இருக்கிறதா! நீ பார்த்தாயா! இரண்டு மழைக்காலம் தாண்டி நிற்கிறது என்றால் அண்ணன் அடிப்பூச்சு பூசிய விதம் அப்படி. நான் அவசரப்படுவேன், அவர் "காயட்டும்டா, சுவர் எங்கயும் ஓடிடாது" என்பார்.

உள்சட்டை வந்தது, அம்மாவிடம் சொல். இப்போது நான் சொல்வதைக் கேள். வெள்ளையடிக்க விடாதே. பாக் சுகெங் நல்ல மனிதர், சொன்னால் கேட்பார். நீ யார் என்று சொல். அல்லது சொல்ல வேண்டாம், அந்த இளைய ஆள் வருவான், வந்து வாலைப் போட்டுவிடுவான் என்று மட்டும் சொல். ஆகஸ்டில் எனக்குத் தண்டனை குறையும். நாள் கூடிவந்தால் அடுத்த வருஷம் வெளியே வந்துவிடுவேன். வந்ததும் முதல் வேலை அதுதான் அக்கா. இங்கே படுத்துக்கொண்டு கூரையில் எத்தனை தடவை அந்த வாலை வரைந்திருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு செதிலும் தெரியும்.

பாக் பர்மின் சொல்கிறார்: "மீனுக்கு வாலில்லாம எப்படிய்யா நீந்தும்? அக்காகிட்ட கண்டிப்பா சொல்லச் சொல்லு." சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை போதும் அக்கா.

உன் தம்பி
டனாங்


ஜோக்ஜா
ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

சலாம். சுதந்திர தினத்துக்கு உனக்குத் தண்டனைக் குறைப்புக் கிடைத்ததாக அம்மா சொன்னாள். சந்தோஷம்.

உன் கடிதம் நேரத்துக்கு வந்துவிட்டது. படித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடி வெள்ளையடித்தார்கள். பெண்களுக்கு உருளைத் தூரிகை கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அடித்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இப்போது சுவர் சிவப்பு வெள்ளை. போட்டியில் இரண்டாம் பரிசு.

காபியைப் பற்றி எழுத இந்த முறை ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பலுபி


சிறைச்சாலை
செப்டம்பர் 15

மரியாதைக்குரிய பலுபி அம்மணி அவர்களுக்கு,

சலாம். அம்மணி அவர்களும் அம்மணியின் தாயாரும் பூரண நலத்துடன் இருக்க இறைவனை வேண்டி எழுதுவது, உங்கள் தம்பியுடன் ஒரே அறையில் இருக்கும் பர்மின். மாட்டு விவகாரம். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு எழுத்து சரியாக வராது. பிழை இருந்தால் பொறுக்கவும். விஷயம் என்னவென்றால், உங்கள் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து தம்பி அதை எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். சோற்றைப் பாதியில் வைக்கிறான், மீதியை நான்தான் சாப்பிடுகிறேன், அது வேறு விஷயம். பதில் எழுதுடா என்றால், "எழுத ஒண்ணுமில்ல பாக்" என்கிறான். இவனுக்கு எழுத ஒன்றுமில்லை என்றால் யாருக்கு இருக்கும்? வாய் ஓயாத பையன்.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. காவலருக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். நான் தலையிடவில்லை. ஆனால் அம்மணி, நான் வயதானவன், ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். திட்டுவதாக இருந்தால் நன்றாகத் திட்டி எழுதிவிடுங்கள். என் பெண்டாட்டி என்னைத் திட்டாமல் இருந்த ஒரு மாதம் போல் மோசமான மாதம் எனக்கு வந்ததில்லை.

முடிந்தால் ஏதாவது காபியைப் பற்றியும் எழுதவும்.

இப்படிக்கு
பர்மின்


ஜோக்ஜா
செப்டம்பர் 28

டனாங்,

பாக் பர்மினுக்கு என் நன்றியைச் சொல். அவர் எழுதியிருக்காவிட்டால் நான் இனி எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் திட்டி எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

சுவரில் கூரைகளை முதலில் அடித்தார்கள். பிறகு மீனின் உடம்பு. கண் மட்டும் மிச்சம். ஏணியில் நின்று அதை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. "அது நம்மளையே பாக்குது, எனக்கு வேணாம்ப்பா" என்று பூ முர்னி இறங்கிவிட்டாள். நான் ஏறினேன். பக்கத்தில் போனால் அந்தக் கண் என் முகத்தைவிடப் பெரிது. கறுப்புக்குள் ஒரு துளி மஞ்சள். உருளையை வைத்தேன். கை நகரவில்லை. கீழேயிருந்து யாரோ "பயமா இருக்கா?" என்று கேட்டார்கள்.

பயமில்லை. கோபம். உன் மேல்.

இத்தனை நாள் எனக்கு எதுவும் வரவில்லை டனாங். அடக்கம் செய்த அன்று வரவில்லை. எல்லோரும் என் கையைப் பிடித்து அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நீதிமன்றத்தில் நீ பேசினாய், உன் வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. எழுந்து போனது உன் மேல் வெறுப்பால் என்று நீ நினைத்திருப்பாய். வெறுப்பு இருந்தால் பரவாயில்லையே. ஒன்றுமே இல்லை. எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் அது பெயிண்ட். எந்தக் காபியும் சூடான தண்ணீர். உனக்கு எழுதிய புளிப்பும் இனிப்பும் கடைக்காரர்கள் சொன்னது.

ஏணியில் நிற்கும்போது உன் கடிதம் என் பையில் இருந்தது. நீ வெளியே வருவாய். வாலைப் போடுவாய். தெரு முழுக்க நின்று "அப்பாடா, முடிஞ்சிடுச்சு" என்பார்கள். உனக்கும் முடிந்துவிடும். எதற்கு நீ முடிக்க வேண்டும்? உனக்கு எதற்கு முடிய வேண்டும்? அடித்தேன். இரண்டு பூச்சு அடித்தேன். மஞ்சள் தெரிந்துகொண்டே இருந்தது, மூன்றாவதும் அடித்தேன். இறங்கினேன். பூ முர்னி சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தாள். தூள் அடியில் தங்கும்வரை காத்திருக்காமல் குடித்தேன்.

சரியாகச் செய்தேன் என்று சொல்லவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் என்ன சொன்னாய்? எனக்குக் கேட்கவில்லை. அந்த நாளை எழுது. எதையும் விடாதே, எதையும் சேர்க்காதே.

பலுபி


சிறைச்சாலை
அக்டோபர் 11

அக்கா,

சலாம்.

எனக்கும் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. இங்கே எனக்கு இருந்தது அந்த வால் ஒன்றுதான். எழுந்திருக்கிறேன், சாப்பிடுகிறேன், எல்லாம் அதற்காக. நீ அதை மூன்று பூச்சில் மூடிவிட்டாய். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னை மனதுக்குள் திட்டினேன். பாக் பர்மினிடம் இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். அவர், "உன் அக்கா பக்கமும் நியாயம் இருக்கு, உன் பக்கமும் இருக்கு, நல்லவேளை நான் நீதிபதி இல்ல" என்றார்.

அந்த நாள்.

காலையில் கண்ணைப் போட்டார் அண்ணன். மஞ்சள் துளியை வைப்பதற்கு முன் இறங்கி, பூ முர்னி கடையில் உட்கார்ந்து, தூரத்திலிருந்து பார்த்துக் காபி குடித்து, மறுபடி ஏறினார். பத்து முறையாவது ஏறி இறங்கியிருப்பார். நான் கிண்டல் செய்தேன். "மீனுக்குக் கண்ணு வெச்சா அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சுடும்டா. அதான் யோசிச்சு வெக்கணும்" என்றார். வாலைப் பற்றிச் சண்டை. நான் சுவர் முடியும் இடத்தில் முடித்துவிடலாம் என்றேன். அவர் மூலை திரும்பி அடுத்த சந்துக்குள் போக வேண்டும் என்றார். "அந்தப் பக்கமா வர்றவன் முதல்ல வாலைப் பாக்கணும். பாத்துட்டு, ஐயோ இது எதோட வாலுன்னு ஓடி வரணும்." ஆகவே அக்கா, நான் கூரையில் வரைந்துகொண்டிருந்த வாலும் அவருடையது இல்லை. என்னுடையது. சுவரோடு முடிகிற வால். இதை உன் கடிதம் வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

மழை வந்ததால் மூன்று மணிக்கே கிளம்பினோம். நான் ஓட்டினேன். வழியில் ஒரு கூடை சலாக் பழம் வாங்கினார், உனக்காக. "அவளுக்குப் பிடிக்கும், ஆனா தோலு முள்ளு மாதிரி குத்துதுன்னு உரிக்க மாட்டா. நான் உரிச்சுக் குடுத்தாத்தான்." இரண்டைத் தனியாக எடுத்து எங்களுக்கு உரித்தார். மகெலாங் தாண்டி ஏற்றம். அவர் ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டினேன். வளைவு. சாலை ஈரம். எதிரில் மரம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் இதைத்தான் சொன்னேன். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். சரியான வார்த்தைதான்.

அவர் கடைசியாகச் சொன்னது, "இந்தா, இது இனிப்பு."

வேறு எதுவும் விடவில்லை. எதுவும் சேர்க்கவில்லை.

டனாங்


ஜோக்ஜா
நவம்பர் 2

தம்பி டனாங்குக்கு,

சலாம். நீ சுகமா? பாக் பர்மின் சுகமா? அம்மா இப்போது என்னுடன் இங்கே இருக்கிறாள். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பூ முர்னியின் கடைக்குப் போனேன். "எங்க ஆளைக் காணோம்? நானும் ஜோக்ஜாவை விட்டே போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். முக்காலியில் உட்கார்ந்தேன். சொன்னேன். "பூ, மீன் வரைஞ்ச பெரியவர் வேற சுவருக்குப் போகல. செத்துப் போயிட்டார். இங்கேருந்து கிளம்பின அன்னிக்கே. அவர் என் வீட்டுக்காரர்."

அவள் கையில் வெந்நீர்க் கெண்டி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "பாவி! சொல்ல மாட்டியா? உன் கையாலயே அழிக்க விட்டேனே! மறந்துட்டான் மறந்துட்டான்னு மாசக்கணக்கா உன் முன்னாடியே திட்டினேனே!" என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். அடுப்பை அணைத்தாள். கடைக்குக் கதவு கிடையாது, அதனால் முக்காலிகளைக் கவிழ்த்து வைத்தாள். பாக் சுகெங் வந்தார். மாடிகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, அந்தித் தொழுகை முடிந்ததும், சிவப்பு வெள்ளைச் சுவருக்கு முன்னால் தெருவை அடைத்துப் பாய் விரித்தார்கள். வீட்டுக்கு வீடு அரிசிமாவு அப்பம் சுட்டு எடுத்து வந்தார்கள். அம்மா சலாத்திகாவிலிருந்து பேருந்தில் வந்தாள், முட்டிவலியோடு. பிரார்த்தனை சொல்ல வந்த பெரியவர் என்னைப் பார்த்து, "யாருக்காகன்னு சொல்லணும்மா. பேரு, அவங்க அப்பா பேரு" என்றார்.

ஹர்ஜிதோ, மார்தோனோவின் மகன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் சத்தமாகச் சொன்னார். பிறகு அவரைப் பார்த்தே இராதவர்களும், அவருடைய மீனை வாலில்லாத மீன் என்று கேலி செய்தவர்களும் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். தெரு முழுக்கக் கேட்டது.

நான் அழுதேனா என்று அம்மா உனக்கு எழுதுவாள். எனக்கு நினைவில்லை.

பெருநாளுக்கு நீ கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இருப்பது போல் எழுத மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு வருகிறேன். அம்மாவும் வருவாள். நான் பேசுவேனா என்று தெரியவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால், நீயும் பேசாமல் உட்கார்ந்திரு.

பலுபி